சேப்பாக்கத்து வேலியின் இரண்டு பக்கம்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே திருத்தி எழுதியது.)

நான் 1971-இல் இந்தக் கல்லூரியை விட்டு வெளியே போனவன். கல்லூரி அணியில் இடது கை சுழற்பந்து வீச்சாளன் என்று சொல்லிக்கொள்வேன். என்னோடு ஆடியவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள், அதனால் அதற்கு மேல் சொல்லவில்லை. பிறகு முப்பத்தைந்து வருஷம் பாங்கு வேலை. ஓய்வு பெற்ற பிறகு பழைய சென்னைக் கிரிக்கெட்டைப் பற்றிப் படிப்பதும் பேசுவதுமாகப் பொழுது போகிறது. இது செயலாளருக்குத் தெரியும். போன மாதம் போன் செய்து, "சார், நம்ம கிரவுண்டு ஓரத்துல கிளப் ஹவுஸ் கட்டப் போறோமே, அதை ஒட்டி பழைய கிளப்புகளோட பாரம்பரியத்தைப் பத்தி ஒரு அரை மணி நேரம் பேசுங்களேன்" என்றார். கூடவே கட்டட வரைபடமும் விதிமுறைகளின் முதல் நகலும் அனுப்பி வைத்தார். படித்துப் பார்த்தேன். அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். முதலில் அவர் கேட்ட பாரம்பரியம்.

சென்னைக்காரனுக்குக் கிளப் என்றால் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்தான். எம்.சி.சி. என்று சொன்னால் லண்டன்காரர்கள் லார்ட்ஸ் மைதானத்து மேரில்போன் கிளப்பை நினைப்பார்கள். தாம்பரம் பக்கம் இருப்பவர்கள் கிறிஸ்தவக் கல்லூரியை நினைப்பார்கள். நான் சொல்வது சேப்பாக்கத்தில் இருக்கும் எம்.சி.சி.

அது தொடங்கியது 1846-இல். இந்தியாவிலேயே பழையது அல்ல. கல்கத்தா கிளப் 1792-லேயே இருந்தது. ஆனாலும் சிப்பாய்க் கலகத்துக்கு முந்தியது என்பது சின்ன விஷயமா? தொடங்கி வைத்தவர் என்று சொல்லப்படுபவர் அலெக்ஸாண்டர் அர்பத்நாட். அப்போது அவருக்கு வயது 24, கம்பெனி உத்தியோகத்தில் புதிதாக வந்தவர். இந்த மேடையில் அவர் பெயரை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்ல வேண்டும். 1855-இல் மதராஸ் மாகாணத்துக் கல்வித் துறையின் முதல் டைரக்டர் அவர்தான். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்துத் துணைவேந்தரும் ஆனார். 1872-இல் கொஞ்ச நாள் தற்காலிக கவர்னராகவும் இருந்தார். ஆக, நமக்குப் பட்டமளிப்பு கவுன் போட்டுவிட்ட பரம்பரையும், வெள்ளை பேண்ட் போட்டுவிட்ட பரம்பரையும் ஒரே ஆளிடம் போய் நிற்கின்றன. பாங்குக்காரன் என்பதால் ஒரு சின்னக் குறிப்பு: 1906-இல் திவாலாகி மதராஸ் குடும்பங்கள் பலவற்றை நடுத்தெருவில் நிறுத்திய அர்பத்நாட் கம்பெனி இவர் நடத்தியது அல்ல. அந்தத் திவாலின் சூட்டில்தான் 1907-இல் இந்தியன் பாங்க் பிறந்தது. அது வேறு கதை. அதற்குத் தனியாக அரை மணி நேரம் கொடுத்தால் பேசுகிறேன்.

முதலில் ஆடிய இடம் தீவுத்திடல். கோட்டைக்குப் பக்கம், பட்டாளத்துக்காரர்கள் கூடும் இடம். சேப்பாக்கத்துக்கு வந்தது 1865-இல். அந்த நிலம் எப்படிக் கிடைத்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சேப்பாக்கம் அரண்மனை ஆற்காட்டு நவாபுடையது. 1855-இல் கடைசி நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசு இல்லாமல் இறந்தார். வாரிசு இல்லாத சமஸ்தானம் கம்பெனிக்கே என்று டல்ஹௌசி காலத்தில் ஒரு கொள்கை இருந்ததே, பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பட்டம் போயிற்று. அரண்மனை ஏலத்துக்கு வந்தது. அரசாங்கமே அதை எடுத்துக்கொண்டது. அந்த வளாகத்தில் ஒரு பகுதியில்தான் கிளப்புக்கு ஆட இடம் கிடைத்தது. இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்காருகிறோமே, நாம் உட்காருவது நவாபின் தோட்டத்தில்.

அங்கே அவர்கள் ஒரு பெவிலியன் கட்டினார்கள். பிறகு 1890களில் ஹென்றி இர்வின் வரைந்து கொடுத்த பெவிலியன் வந்தது. உயர் நீதிமன்றத்தைச் செங்கல் செங்கலாகக் கற்பனை செய்தாரே, அதே இர்வின். சுற்றிலும் மரங்கள், நடுவே பச்சை, பின்னால் பக்கிங்ஹாம் கால்வாய். பார்த்தவர்கள் எல்லோரும் இந்தியாவிலேயே அழகான மைதானம் என்று எழுதி வைத்தார்கள். அவர்கள் சொன்ன அழகு எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த மரங்களைப் பற்றி இன்னொரு கதை இருக்கிறது.

மயிலாப்பூர் லஸ்ஸில் ஒரு பெரிய வீடு. பாரி கம்பெனியின் துபாஷாக இருந்து பொருள் சேர்த்த குடும்பம். அந்த வீட்டுப் பேரன் வெங்கட மகிபதி நாயுடு, 1868-இல் பிறந்தவர். ஊர் அவரைப் புச்சிபாபு என்று கூப்பிட்டது. வீட்டில் வெள்ளைக்காரத் தாதிகள் வைத்து வளர்த்தார்கள். அவர்கள் குழந்தையைச் சாயங்காலம் சேப்பாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆட்டம் காட்டினார்கள். பிள்ளைக்கு ஆட்டப் பித்துப் பிடித்துவிட்டது. வளர்ந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது: வேடிக்கை பார்க்கலாம், பெவிலியன் படி ஏற முடியாது. இந்திய அணி அங்கே ஆட வந்தாலும் பெவிலியன் வெள்ளைக்காரருக்கு. நம்மவர்கள் மரத்தடியில் உடை மாற்றிக்கொண்டு, மரத்தடியிலேயே மத்தியானச் சாப்பாட்டையும் முடித்துக்கொள்ள வேண்டும் என்பது நிலைமை என்று சொல்வார்கள்.

அவர் என்ன செய்தார்? மனு கொடுத்தாரா, பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாரா? 1888-இல், இருபது வயதில், எஸ்பிளனேடில் மெட்ராஸ் யுனைட்டெட் கிளப் என்று ஒன்றை ஆரம்பித்துவிட்டார். மட்டையும் பந்தும் சீமையிலிருந்து வரவழைத்தார். வாங்க வசதியில்லாத பையன்களுக்குத் தன் பணத்திலேயே கொடுத்தார். ஆட்டம் சொல்லிக் கொடுத்தார். பணக்காரர்கள் சங்கம் வைப்பது அதிசயம் அல்ல. பட்டணத்துப் பெரிய மனிதர்களுக்கு 1873-லேயே காஸ்மாபாலிடன் கிளப் இருந்தது. அங்கே போய் சீட்டு ஆடிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அவருக்கு ஆட்டம் முக்கியம்.

அதற்குப் பிறகு இன்னொன்று செய்தார். சேப்பாக்கத்துக் கிளப்பில் இருந்த பி. டபிள்யூ. பார்ட்ரிட்ஜோடு பேசிப் பேசி, வெள்ளைக்காரர் அணியும் இந்தியர் அணியும் சமமாக நின்று மோதும் ஓர் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். 1908 டிசம்பரில் ஆட்டம். ஆட்டத்துக்குச் சில நாள் முன்னால் புச்சிபாபு காலமாகிவிட்டார். வயது 40. ஆட்டத்தை நிறுத்தவில்லை; அவர் ஆசைப்பட்டது நடக்கட்டும் என்று ஆடினார்கள்.

அந்த ஆட்டம்தான் பின்னால் பிரசிடென்ஸி மேட்ச் என்று ஆயிற்று. 1915 முதல் முதல்தர ஆட்டமாக, பொங்கலை ஒட்டி, வருஷா வருஷம். பொங்கல் மேட்ச் என்றால் ஊரே திரளும் என்று என் தாத்தா காலத்து ஆட்கள் கண் விரியச் சொல்வார்கள். கரும்பும் மஞ்சளும் வாங்கிப் போட்டுவிட்டு ஆம்பிளைகள் சேப்பாக்கத்துக்குப் போய்விடுவார்களாம். 1920-ஐ ஒட்டிய ஓர் ஆட்டத்தில் சி.கே. நாயுடு அடித்த ஸிக்ஸர் மைதானத்தைத் தாண்டி ஒரு தென்னை மரத்தடியில் போய் விழுந்தது என்பார்கள். அந்தத் தென்னை மரம் ஒவ்வொருத்தர் சொல்லும்போதும் பத்து கஜம் தள்ளிப் போகும். போகட்டும், வேலிக்கு வெளியே நின்று பார்த்தவனுக்குத்தானே அந்தப் பந்து போய்ச் சேர்ந்தது.

இங்கே நான் ஒரு பக்கமாகப் பேசக் கூடாது. அந்தக் கிளப்பிலிருந்து நமக்கு வந்தவையும் உண்டு. நல்ல ஆடுகளம் எப்படிப் போடுவது, புல் எப்படி வளர்ப்பது, தோற்றால் கை குலுக்கிவிட்டுப் போவது எப்படி என்பதெல்லாம் அங்கே பார்த்துக் கற்றதுதான். 1901-இலேயே அவர்கள் ஆரம்பித்த ஹாக்கிப் போட்டி பின்னாளில் முருகப்பா தங்கக் கோப்பை என்று பெயர் பெற்று நம் பையன்களுக்கு மேடை கொடுத்தது. மனிதர்களிலும் நல்லவர்கள் இருந்தார்கள். பர்மா ஷெல் கம்பெனியில் சி.பி. ஜான்ஸ்டன் என்று ஒரு துரை. இடது கை ஆட்டக்காரர். எம்.ஜே. கோபாலன் என்ற திருவல்லிக்கேணிப் பக்கத்துப் பையனின் பந்து வீச்சைப் பார்த்துவிட்டு, அவனைக் கூப்பிட்டுத் தன் கம்பெனியில் வேலை கொடுத்தார். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர் கோபாலன். 1935-இல் தியான் சந்தோடு நியூஸிலாந்து போனவர். அடுத்த வருஷம் பெர்லின் ஒலிம்பிக்ஸா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்று வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கம் வாங்கியது. இவருக்கு அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்ட் கூடக் கிடைக்கவில்லை. என்ன சொல்வது!

1934 நவம்பர் 4. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், சேப்பாக்கத்தில், மதராஸும் மைசூரும். முதல் பந்தை வீசியவர் கோபாலன். அணித் தலைவர் ஜான்ஸ்டன். மைசூர் 48, மதராஸ் 130, மறுபடி மைசூர் 59. ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது. ஏ.ஜி. ராம்சிங் 35 ஓட்டம் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார். ஒரு துரை தலைவர், திருவல்லிக்கேணிப் பையன் ஒருவர், சர்தார்ஜி ஒருவர். மைதானத்துக்கு நடுவில் அந்தக் கலப்பு அன்றே நடந்துவிட்டது. பெவிலியன் படிக்கட்டில்தான் அது ரொம்ப மெதுவாக ஏறியது.

புச்சிபாபுவின் பிள்ளை சி. ராமஸ்வாமியையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வேறு குடும்பத்துக்குச் சுவீகாரம் போனவர். அதனால் இனிஷியல் வேறு. கேம்பிரிட்ஜில் படித்தபோது டென்னிஸ். 1922-இல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை ஆடினார். 1936-இல் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடும்போது வயது 40. நாற்பது வயதில் நாமெல்லாம் மாடிப்படி ஏற மூச்சு வாங்கினோம். அவர் 40, 60 என்று இரண்டு இன்னிங்ஸிலும் அடித்தார். ஆடியது இரண்டே டெஸ்ட், சராசரி 56-க்கு மேல். 1985-இல் ஒரு நாள் வீட்டை விட்டுப் போனவர் திரும்பவே இல்லை. வயது 89. என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது.

1952 இந்தக் கதையில் முக்கியமான வருஷம். கடைசிப் பிரசிடென்ஸி மேட்ச் அந்தப் பருவத்தில்தான். ஆட வெள்ளைக்காரர்கள் ஊரில் குறைந்துவிட்டார்கள். அதே பிப்ரவரியில் அதே சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை இன்னிங்ஸும் 8 ஓட்டமும் வித்தியாசத்தில் தோற்கடித்தோம். இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி. வினு மன்கட் 12 விக்கெட். பங்கஜ் ராயும் உம்ரிகரும் சதம். ஆட்டத்தின் முதல் நாளன்று அரசர் ஆறாம் ஜார்ஜ் இறந்த செய்தி வந்து, ஓய்வு நாளை மாற்றி வைத்தார்கள். நினைத்துப் பார்க்க விசித்திரமாக இருக்கிறது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1956-இலிருந்து 1965 வரை டெஸ்ட் ஆட்டங்கள் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துக்குப் போயின. 1967 ஜனவரியில் சேப்பாக்கத்துக்குத் திரும்பி வந்தன. கான்கிரீட் காலரிகள் எழுந்தன, எம்.ஏ. சிதம்பரம் பெயர் வந்தது. இர்வினின் பெவிலியனை 1980களில் இடித்தார்கள். கிளப் அதே வளாகத்தில் தொடர்கிறது, உறுப்பினர்கள் நம்மவர்கள்தான்.

நம்மவர்கள் என்றதும் கதை சுபமாக முடிந்துவிட்டது என்று யாரும் கை தட்டிவிட வேண்டாம். கொஞ்சம் பூனாவுக்குப் போய் வருவோம். அங்கே வெள்ளைக்காரர் கிளப்பில் 1890களில் பல்வங்கர் பாலு என்று ஒரு பையன் வேலைக்கு இருந்தான். செருப்புத் தைக்கும் சாதி என்று ஊர் ஒதுக்கி வைத்த குலம். மாதம் நாலு ரூபாய் சம்பளத்துக்கு ஆடுகளத்துக்கு ரோலர் இழுப்பது, வலை கட்டுவது. கிரெய்க் என்ற துரை பயிற்சிக்கு அவனைப் பந்து போடச் சொன்னார். மணிக்கணக்கில் போட்டான். இந்தியாவின் மிகச் சிறந்த இடது கைச் சுழற்பந்து வீச்சாளராக ஆனான். துரைமார்கள் பந்து போட விட்டார்களே தவிர மட்டையைத் தொட விடவில்லை. சரி, இந்து ஜிம்கானாக்காரர்கள் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் துரைகளை ஜெயிக்க அவன் வேண்டும். ஆனால் தேநீர் இடைவேளையில்? அணியில் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை. பாலுவுக்கு வெளியே மண் குவளை. குடித்துவிட்டு உடைத்துவிடலாம் அல்லவா! 1911-இல் இங்கிலாந்து போய் நூற்றுக்கு மேல் விக்கெட் எடுத்தவருக்கு ஊரில் அந்த மரியாதை. அவர் தம்பி விட்டல் 1923-இல் இந்துக்கள் அணிக்குத் தலைவராகி ஜெயிக்கும் வரை அந்தக் குடும்பம் அண்ணனும் தம்பியுமாகப் போராடியது.

ஆகவே பெவிலியனுக்கு வெளியே நிறுத்துவது துரைகளின் கண்டுபிடிப்பு மட்டும் இல்லை. நாம் அதில் அவர்களுக்கே பாடம் எடுக்கக்கூடியவர்கள்.

ரொம்பப் பழைய கதை என்று மாணவர்கள் யாராவது முணுமுணுக்கலாம். 2014 ஜூலையில் நடந்ததைச் சொல்கிறேன். அதே சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீடு. விழாவுக்கு வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். காரணம், அவர் வேட்டி கட்டியிருந்தார். தமிழ்நாட்டில், சென்னையில், தமிழர் நடத்தும் கிளப்பில்! ஆகஸ்டிலேயே சட்டசபையில் சட்டம் கொண்டுவந்து, வேட்டி கட்டியவரை உள்ளே விடமாட்டேன் என்றால் தண்டனை என்று ஆக்க வேண்டியிருந்தது. ஓவியர் எம்.எஃப். ஹுசேன் வெறுங்காலோடு வந்தார் என்று 1988-இல் பம்பாயில் ஒரு கிளப் அவரைத் திருப்பி அனுப்பியது. வாசலில் நின்று தடுத்த காவலாளியைத் திட்டி என்ன பயன்? விதி எழுதியவர் உள்ளே ஏ.ஸி.யில் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தக் காவலாளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கிளப்புகளின் வரலாற்று மலர்களைப் புரட்டினால் தலைவர்கள் பெயர் பலகை பலகையாக இருக்கும். ஆடுகளத்துக்குத் தண்ணீர் விட்ட மாலி, டென்னிஸ் பந்து பொறுக்கிப் போட்ட பையன், பில்லியர்ட்ஸ் மேஜையில் கணக்குச் சொன்ன மார்க்கர், சிட்டு எழுதி வாங்கிக்கொண்டு சோடா கொண்டு வந்த பேரர் இவர்கள் பெயரைத் தேட வேண்டியிருக்கும். கிளப்புக்குள் முதலில் நுழைந்த இந்தியர்கள் அவர்கள்தான். உறுப்பினராக இல்லை, அவ்வளவே. நம் கல்லூரி மைதானத்திலும் எங்கள் காலத்தில் ஒரு பெரியவர் இருந்தார். விடியற்காலை நாலு மணிக்கு விக்கெட்டில் சாணி மெழுகித் தண்ணீர் தெளிப்பார். எங்களுக்கு அவர் "தாத்தா". எங்களில் ஒருத்தருக்கும் அவர் பெயர் தெரியாது.

இப்போது வரைபடத்துக்கு வருகிறேன். செயலாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது, நண்பர் என்ற உரிமையில் பேசுகிறேன். கட்டடம் வேண்டும். வெளியூரிலிருந்து வருகிற பழைய மாணவன் தங்க ஓர் அறை, நாலு பேர் உட்கார்ந்து பேச ஒரு கூடம், இதெல்லாம் நல்ல காரியம். என் பங்குத் தொகையையும் கொடுத்துவிட்டேன். ஆனால் விதிமுறை நகலில் மூன்று இடத்தில் பேனா வைத்துக் கோடு போட்டிருக்கிறேன். சேர்க்கைக் கட்டணம், நம் மாணவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போய்ப் பத்து வருஷத்துக்குப் பிறகும் கட்ட முடியாத தொகை. உடை விதியில் "காலணி கட்டாயம், கழுத்துப்பட்டையுள்ள சட்டை கட்டாயம்" என்று இருக்கிறது; வேட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இந்நாள் மாணவர்கள், உறுப்பினர் ஒருவரின் விருந்தினராக, மாலை ஆறு மணி வரை மட்டும்.

அந்த இடம் யாருடையது? மைதானத்தின் கிழக்கு ஓரம். இப்போது கல்லூரி அணி உடை மாற்றும் ஓட்டுக் கொட்டகை அங்கேதான் இருக்கிறது. கொட்டகையை எடுத்துவிட்டு மாடி கட்டப் போகிறோம். அணிக்கு எங்கே இடம் என்று வரைபடத்தில் தேடினேன். இல்லை. பக்கத்தில் வட்டம் வட்டமாகப் போட்டு, "தற்போதுள்ள வேப்ப மரங்கள் பாதுகாக்கப்படும்" என்று எழுதியிருக்கிறார்கள். பையன்கள் மரத்தடிக்குப் போவார்கள். புச்சிபாபு நின்ற அதே மரத்தடி.

இதை வரைந்தவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. யோசிக்கவில்லை, அவ்வளவுதான். சேப்பாக்கத்திலும் யாரும் உட்கார்ந்து அநியாயம் செய்வோம் என்று தீர்மானம் போட்டிருக்க மாட்டார்கள். நம் ஆட்கள் நாலு பேர் சௌகரியமாக இருக்கட்டும் என்றுதான் ஆரம்பித்திருப்பார்கள்.

தரைத்தளத்தில் மைதானத்தைப் பார்த்தபடி ஒரு பெரிய அறை, கல்லூரி அணிக்கும் எதிரணிக்கும், எந்த நேரமும் திறந்திருக்க வேண்டும். உள்ளே போக வாசல் முன்பக்கமே இருக்க வேண்டும். மாணவர் எவரும் விருந்தினராக இல்லாமல் தன் உரிமையில் வர வேண்டும். கட்டணம் அவரவர் முடிந்த அளவு. இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் காலையிலேயே செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். என்னோடு 1971 அணியில் ஆடியவர்களில் இங்கே வந்திருக்கிற ஏழு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், என் பந்து வீச்சைப் பார்த்துச் சிரித்தவர்கள் உட்பட. காகிதம் பதிவு மேஜையில் இருக்கிறது. பொதுக்குழு மூன்று மணிக்கு. அதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். இன்றைக்கு எல்லோருக்கும் ஒரே பந்தி என்று மெஸ் பொறுப்பாளர் சொல்லியிருக்கிறார்.